நாலு முட்டையும் ஒரு ரிவர்ஸ் கியரும்

தேசப்பனின் மீசையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசியில் நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அது சாதாரண மீசை இல்லை. மூக்குக்குக் கீழே ஆரம்பித்து, கன்னமெல்லாம் நடந்து, காதுக்குப் பக்கத்தில் போய் ஒரு சுழி சுழித்துக்கொண்டு நிற்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே வளர்த்த மீசை. மனைவி ஞானம்மாவேகூடத் தன் மேலுதட்டைப் பார்த்ததில்லை என்று தேசப்பன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். புதுவாயல் கூட்டுரோட்டில் நின்று ‘மீசைக்காரர் பஸ் போயிடுச்சா?’ என்று கேட்டால், டீக்கடையில் இருக்கும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு போல்ட் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் அது. இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் டிரைவர்.

மீசைக்கு அடுத்த பெருமை, அந்தோணியார் காலனி கிரவுண்டில் அவர் பஸ்ஸைத் திருப்பும் அழகு. ஹைவேயிலிருந்து காலனிக்கு வருவது ஒரு ஒடுக்கமான சந்து. ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், மறுபக்கம் ஏரிக் கால்வாய். சந்து முடிகிற இடத்தில் சரளைக்கல் கொட்டிய மைதானம். அதிலும் பாதியைப் பம்ப் ரூமும், சர்ச் கட்ட வாங்கிப்போட்ட மணலும் பிடித்துக்கொண்டன. மிச்ச இடத்தில் மற்ற வண்டிக்காரர்கள் முன்னே போய், பின்னே வந்து, வியர்த்து விறுவிறுத்துத்தான் திரும்புவார்கள். நம்ம ஆள் உள்ளே வரும்போதே ஸ்டியரிங்கை முழுசாக ஒடிப்பார். பஸ் ஒரே சுற்றில் திரும்பி, மூக்கை ஹைவே பக்கம் வைத்து நிற்கும். காலையில் ஒரு தடவை, மதியம் இரண்டு தடவை. ராத்திரி வண்டி வேறு டிரைவர், அது ஹைவேயோடு நின்றுவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் தேசப்பன் அந்த கிரவுண்டில் ஒரு தடவைகூட ரிவர்ஸ் போட்டதில்லை. “நம்ம ராசி, நான் வரும்போதெல்லாம் கிரவுண்டு காலியாவே கீதுப்பா” என்று அடக்கமாக வேறு சொல்லிக்கொள்வார்.

இந்த அடக்கம் போன பொங்கலன்று காணாமல் போனது. தண்ணீர் லாரி ஓட்டும் லோகு, அன்றைக்கு ஐந்து தடவை முன்னும் பின்னும் போய், கடைசியில் உறியடிக்கு நட்ட கம்பத்தைச் சாய்த்துவிட்டான். உடனே நம்ம ஆள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “எல்லாரும் கேட்டுக்குங்க! இந்த கிரவுண்டுல நான் என்னிக்கு ரிவர்ஸ் போடறனோ, அன்னிக்கே இந்த மீசைய எடுத்துடறேன்!”

“எழுதி வச்சிக்கோங்க! எல்லாரும் சாட்சி!” என்று லோகு கத்தினான். மைக் செட்டுக்காரர் இரண்டு தடவை எக்கோ வைத்து அதை ஒலிபரப்பினார்.

இப்போது ரகசியத்துக்கு வருவோம். தேசப்பனுக்கு ரிவர்ஸ் வராது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே வராது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், லைசென்ஸ் வாங்கிய புதிதில், அவர் ஒரு லாரியில் கிளீனராக இருந்தார். டிரைவர் புதுவாயலில் நாஷ்டாவுக்கு இறங்கினவர், “வண்டிய கொஞ்சம் பின்னால விடுடா” என்றார். விட்டார். டீக்கடைக்குள் விட்டார். பளபளவென்று தேய்த்து, விபூதி பூசி, பூப்போட்டு வைத்திருந்த பாய்லர் நசுங்கி, ஒரு பாய்லர் டீயும் ரோட்டில் ஓடியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ரிவர்ஸ் கியரில் கை வைத்தால் போதும், அவருக்கு உள்ளங்கை ஈரமாகிவிடும். கண்ணாடியில் தெரிவது வலதா இடதா என்று புரியாது. ஷெட்டில் வண்டியை விடுவது கிளீனர் அன்புராஜ். கம்பெனிக்குள் புல்வெளியைச் சுற்றி வந்துவிடலாம். பெட்ரோல் பங்கில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். மனுஷன் வாழ்க்கையையே முன்பக்கமாக மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார். மீசை வளர்த்ததும் அந்த டீக்கடைக்காரருக்குத் தன் முகம் அடையாளம் தெரியக்கூடாது என்றுதான். இது ஒருத்தருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கையில்தான் ஏப்ரல் மாசத்தில் ஒரு நாள் காலை, பஸ் கிரவுண்டுக்குள் நுழைந்ததும், நட்ட நடுவில் ஒரு பறவை இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. ‘டிட்-டிட்-டூயிட்!’ என்று ஒரே கத்தல். மஞ்சள் கால், கறுப்பு மார்பு, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தோல். தேசப்பன் பிரேக் போட்டார். ஹாரன் அடித்தார். அது நகரவில்லை. இறங்கிப்போய் விரட்டலாம் என்று இரண்டு அடி வைத்தார்.

“அண்ணா! கால எடுக்காத! அப்பிடியே நில்லு!”

கிறிஸ்டினாவின் குரல். கிறிஸ்டினாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: போல்ட் கம்பெனியில் சரக்குச் சோதனை பார்ப்பவள், முப்பத்தைந்து வயது, வாய் ஓயாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழவேற்காட்டுக்கு மீன் வாங்கப் போனவள், அங்கே யாரோ கொடுத்த பைனாகுலரில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். மீனை மறந்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பைத்தியம். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதற்காக இருந்த வாட்ஸப் குரூப்பைப் பறவை குரூப்பாக மாற்றிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பொம்பளைகளை எல்லாம் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் எண்ணச் சொல்வாள். கம்பெனியில் ஷிப்ட் ஆரம்பிக்குமுன் ஐந்து நிமிஷம் பாதுகாப்புப் பாடம் நடத்துவார்கள் அல்லவா, அதே மாதிரி பஸ்ஸில் தினமும் ஐந்து நிமிஷம் பறவைப் பாடம். தப்பாகப் பதில் சொன்னால் கம்பெனி வரைக்கும் நின்றுகொண்டு வரவேண்டும். தேசப்பன் கேட்காத மாதிரி வண்டி ஓட்டுவார். ஆனால் எல்லாப் பதிலும் அவருக்குத் தெரியும்.

தேசப்பன் தூக்கின காலைத் தூக்கினபடியே நின்றார். அந்தக் காலுக்குக் கீழே, சரளைக்கல்லோடு கல்லாக, கறுப்புப் புள்ளி போட்ட நாலு முட்டை.

“ஆள்காட்டிக் குருவிண்ணா! நம்ம ஊட்டாண்டயே முட்ட வச்சிகீது!” கிறிஸ்டினாவுக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷத்தில் குதிக்கவும் முடியவில்லை, முட்டை இருக்கிறதே.

“இன்னாடி இது, ஒரு குச்சி இல்ல, ஒரு பஞ்சு இல்ல, வெறுந்தரையிலயா?” என்று ஞானம்மா குடத்தோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

“இதுக்கு அதான்க்கா ஊடு. கல்லு மாதிரியே இருந்தா காக்காக்கு தெரியாது. இருபத்தெட்டு நாளு, முப்பது நாளு அடகாக்கும்.”

“ஒரு தட்டுல எடுத்து அந்தாண்ட வச்சிடலாமே” என்றார் தேசப்பன், காலை மெதுவாகப் பின்னால் வைத்தபடி.

“நகத்துனா அது தேடி வராதுண்ணா. அப்பிடியே உட்டுட்டுப் போயிடும். நீ ஒண்ணு பண்ணு, ஒரு மாசம் ஹைவேலயே நில்லு. நாங்க நடந்து வரோம்.”

ஹைவேயில் நிற்பதா? ராத்திரி வண்டியைப் போலவா? தேசப்பன் லோகுவைப் பார்த்தார். லோகு தண்ணீர் லாரியில் சாய்ந்துகொண்டு, தன் மேலுதட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுவது போல விரலைக் காட்டினான். அதோடு பேச்சு முடிந்தது.

“நான் உள்ள வருவேன். ஒரே சுத்துலதான் திரும்புவேன். முட்டைக்கும் ஒண்ணும் ஆவாது.”

அந்த விஷயத்தில் மனுஷன் கெட்டிக்காரர், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது, திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டும். அது எவ்வளவு வெட்டும் என்று அவருக்கு விரற்கடை கணக்காகத் தெரியும். ஞானம்மா கோலமாவைக் கொண்டுவந்து, டயர் போகவேண்டிய தடத்தை இரண்டு வெள்ளைக் கோடாக வளைத்து இழுத்தாள். முட்டை இரண்டு கோட்டுக்கும் நடுவில். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் தேசப்பன் பஸ்ஸைத் திருப்பினார். பஸ்ஸின் வயிறு முட்டைக்கு மேலே போனது, பின்சக்கரம் கோலக்கோட்டைத் தொட்டும் தொடாமலும் போனது. பறவை ஓடிப்போய்ப் பத்தடி தள்ளி நின்று திட்டித் தீர்த்துவிட்டு, பஸ் போனதும் வந்து உட்கார்ந்துகொண்டது. காலனி கைதட்டிய சத்தத்தில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டன.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். போல்ட் கம்பெனியிலும் இரும்பு கம்பெனியிலும் வேலை பார்க்கிற ஜனம், ஓர் ஆபத்தான இடத்தைப் பார்த்தால் என்ன செய்யும்? சாயங்காலத்துக்குள் முட்டையைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை ரிப்பன் கட்டியாகிவிட்டது. நாலு மூலையிலும் ஆரஞ்சுக் கூம்பு வைத்தாகிவிட்டது. கிரேன் ஓட்டுகிற ஜோசப், கம்பெனி வாசலில் இருப்பது போலவே ஒரு போர்டு எழுதி நட்டார்: ‘பாதுகாப்பே முதன்மை. விபத்தில்லா நாட்கள்: 1.’ அதைத் தினமும் காலையில் அழித்து மாற்றி எழுதும் பொறுப்பு ஞானம்மாவுக்கு. காவலுக்கு ஏ ஷிப்ட், பி ஷிப்ட், ஜெனரல் ஷிப்ட் என்று ஆள் போட்டார்கள். நாய் வந்தால் ஒருத்தர், காக்கா வந்தால் ஒருத்தர். பிள்ளைகளின் கிரிக்கெட் ஏரிக்கரைக்கு மாற்றப்பட்டது. “சத்தம் போட்டு அவுட் கேக்கக்கூடாது” என்று தடை வேறு.

பறவைக்கு இந்த ஏற்பாடு எதுவும் பிடிக்கவில்லை. குழாயடிக்கு யார் போனாலும் தலைக்கு மேல் பாய்ந்து வந்தது. அதற்கும் வழி இருந்தது, எல்லார் வீட்டிலும் கம்பெனி ஹெல்மெட் இருக்கிறதே. அந்தச் சித்திரை வெயிலில் நீங்கள் அந்தோணியார் காலனிக்கு வந்திருக்கவேண்டும். இடுப்பில் குடம், தலையில் மஞ்சள் ஹெல்மெட், இருபது பொம்பளைகள் வரிசையாகத் தண்ணீருக்குப் போவார்கள். வெயில் ஏறியதும் ஆண் பறவையும் பெண் பறவையும் மாறி மாறிக் கால்வாய்க்குப் போய், வயிற்று இறகைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு ஓடிவந்து முட்டையை நனைக்கும். அதைப் பார்த்த ஞானம்மா, “நம்மளும்தான் ஈரத்துணிய போட்டுகினு படுக்கறோம், பாவம்” என்று ரிப்பன் ஓரமாக ஒரு பேஸினில் தண்ணீர் வைத்தாள். மறுநாள் பறவை அதில் வயிற்றை முக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்து ஞானம்மா அழுதேவிட்டாள்.

பதினைந்தாம் நாள் பேனர் வைத்தார்கள். பேனர் இல்லாமல் நம்மூரில் எதுதான் நடக்கும்? சந்தின் வாயில், பதினாறு அடி உயரத்தில், கைகூப்பிய தேசப்பன். மீசை மட்டுமே நாலடி. ‘ரிவர்ஸ் போடாத எங்கள் சிங்கமே! ஆள்காட்டித் தம்பதியின் காவலனே!’ என்று எழுத்து. கீழே காலனியில் இருக்கும் எல்லாரின் பாஸ்போர்ட் போட்டோவும். மூஞ்சியில் சிவப்புத் தோல் இருக்கும் பறவை என்று கிறிஸ்டினா போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கடைக்காரர் ஒரு வான்கோழியின் படத்தைப் போட்டுவிட்டார். கிறிஸ்டினா இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

பறவையும் பழகிவிட்டது. இருபதாம் நாளுக்கு மேல் பஸ் வந்தால் எழுந்துகூடப் போவதில்லை, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்துகொள்ளும். தலைக்கு மேல் பஸ் போகும். தேசப்பன் ஜன்னல் வழியாக, “வரேன் தாயி, போய்ட்டு மத்தியானம் வரேன்” என்பார். இன்னும் ஒரு வாரம்தான், குஞ்சு பொரித்ததும் வண்டி பழையபடி ஓடும், மீசையும் தப்பித்தது என்று அவர் மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். அங்கேதான் மனுஷன் ஏமாந்தார்.

இருபத்தெட்டாம் நாள், மதியம் ஒன்றேகால். பி ஷிப்ட் ஆட்களை ஏற்ற பஸ் கிரவுண்டுக்குள் மூக்கை நுழைத்ததும், கிறிஸ்டினா இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போல வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கிரேனை நிறுத்த ஜோசப்புக்குக் காட்டுகிற சைகை அது. தேசப்பன் பிரேக்கை மிதித்தார்.

“பொரிச்சிடுச்சிண்ணா! நாலும் பொரிச்சிடுச்சி!”

“அப்பாடா! எங்க கீது?”

“அதான் பேஜாரே! இது கோழிக்குஞ்சு மாதிரி, பொறந்த அன்னிக்கே நடக்கும். ரிப்பன உட்டு வெளிய வந்துடுச்சி. உன் வண்டி சத்தம் கேட்டு அம்மாக்காரி கத்துனா. குஞ்சுங்க அங்கங்க அப்பிடியே படுத்துடுச்சி. ரெண்டுதான் என் கண்ணுக்குத் தெரியுது. மீதி ரெண்டு எங்க கீதுன்னே தெரியல!”

தேசப்பன் கிரவுண்டைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சரளைக்கல். அதில் எந்தக் கல்லுக்கு உயிர் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? கோலக்கோட்டால் இனி பிரயோஜனமில்லை. ஒரு டயர்கூட முன்னால் போக முடியாது. இரண்டு மணிக்கு ஷிப்ட் ஆரம்பம். சந்தில் நாற்பத்துமூன்று பேர் டிபன் டப்பாவோடு நிற்கிறார்கள். பஸ்ஸின் முகம் கிரவுண்டில், முதுகு சந்தில். வெளியே போக ஒரே வழிதான் இருந்தது, அது பின்னால் இருந்தது.

உள்ளங்கை ஈரமாகிவிட்டது. புதுவாயல் டீயின் வாசனைகூட வந்தது, சத்தியமாக.

லோகு டிரைவர் கதவைத் தட்டினான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. “நைனா, எறங்கு. நான் எடுக்கறேன். நான் ரிவர்ஸ் போட்டா நீ போட்ட கணக்கு இல்ல. மீசை தப்பிச்சிடும்.”

எவ்வளவு நல்ல யோசனை! தேசப்பன் சீட்டிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். அப்போது கண்ணாடிக்கு வெளியே அந்தத் தாய்ப்பறவையைப் பார்த்தார். பம்பருக்கு நேர் எதிரே, ஈர்க்குச்சி மாதிரி இரண்டு காலை ஊன்றிக்கொண்டு, இறக்கையை விரித்து, அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பார்த்து வாடா பார்க்கலாம் என்று நின்றது. தேசப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. ‘இத்தனூண்டு பறவை இது. இது நிற்கிறது, நான் செத்துப்போன ஒரு பாய்லருக்குப் பயந்து இறங்குகிறேனே’ என்று நினைத்தார். திரும்ப உட்கார்ந்தார்.

“லோகு, வேணாம். நானே எடுக்கறேன்.” அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இருபத்தேழு வருஷத்து ரகசியத்தை ஒரே மூச்சில் போட்டு உடைத்தார். “எல்லாரும் தள்ளிப் போயிடுங்க! எனக்கு ரிவர்ஸ் வராது! சத்தியமா வராது!”

பறவைகூடக் கத்துவதை நிறுத்தியது. அப்புறம் ஹெல்மெட் போட்ட ஞானம்மா கூட்டத்திலிருந்து கத்தினாள்:

“அது ஊருக்கே தெரியும்! கியர போடுய்யா!”

தேசப்பனுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தோணியாரையும், கூடவே வழியில் இருக்கும் அம்மனையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு, கியரை இழுத்தார். உடனே பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து ‘கீச் கீச் கீச் கீச்’ என்று குருவிக்கூட்டம் கத்துவது போல ஒரு சத்தம். தேசப்பன் நடுங்கிப்போனார். பஸ்ஸின் பழைய முதலாளி மாட்டிவைத்த ரிவர்ஸ் ஹாரன் அது. ஒன்பது வருஷமாகப் பஸ்ஸில் இருந்தும் காலனி ஜனம் அதைக் கேட்டதே இல்லை. நாற்பத்துமூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்பன் பறவைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பெண்டாட்டியைக் குஞ்சுகளோடு விட்டுவிட்டு, எவன்டா அது நம்ம இடத்தில் என்று பஸ்ஸின் பின்பக்கத்தை நோக்கிப் பாய்ந்தது.

“ரைட்ல ஒடி!”

“லெப்ட்டு, லெப்ட்டு!”

“வா, வா, வா... ஐயோ, வராத!”

ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். பஸ் சுவரைப் பார்த்து ஒரு தடவை, கால்வாயைப் பார்த்து ஒரு தடவை ஆடியது. கிறிஸ்டினா ஒரு தட்டைக் கரண்டியால் அடித்து, “வாய மூடுங்க எல்லாரும்! சைகை ஒரே ஆளு! கிரேனுக்கு எப்பிடியோ அப்பிடி! லோகு, நீ போ!” என்றாள்.

லோகு ஒரு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால், டிரைவர் பக்கமாகப் போய் நின்றான். பறவை அவன் தலையில் டங்கென்று ஒன்று வைத்தது. “நைனா! கண்ணாடில ரோட்ட பாக்காத, என்ன மட்டும் பாரு! நான் போற பக்கம் வா! வலம் எடம் ஒண்ணும் யோசிக்காத!”

தேசப்பன் லோகுவை மட்டும் பார்த்தார். லோகு நகர்ந்த பக்கம் நகர்ந்தார். சந்து முழுக்கச் சுவரோரமாக ஜனம் நடந்து வந்தது. ‘வா... வா... வா...’ என்று எல்லாரும் முணுமுணுவென்று சொல்லிக்கொண்டு, கையால் காற்றை இழுத்துக்கொண்டு, ஏதோ தேர் வருகிற மாதிரி. ரிவர்ஸ் ஹாரன் கீச்சிட, அப்பன் பறவை திட்ட, லோகுவின் ஹெல்மெட் டங் டங்கென்று முழங்க, பஸ் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. கடைசித் திருப்பத்தில் மட்டும் ஒரு சின்னத் தப்பு. பேனரின் சவுக்குக் கட்டையில் பஸ் இடித்தது. பதினாறு அடித் தேசப்பன் கைகூப்பியபடியே சாய்ந்து, பஸ்ஸின் முதுகில் படுத்துக்கொண்டார்.

ஹைவே வந்தது. பஸ் நின்றது. பேனரை அவிழ்த்து ஓரமாகப் போட்டுவிட்டு நாற்பத்துமூன்று பேரும் ஏறினார்கள். இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் பறவைப் பாடம் நடக்கவில்லை. வழியெல்லாம் ‘கீச் கீச் கீச் கீச்’ என்று கிறிஸ்டினா ஆரம்பிக்க, நாற்பத்துமூன்று பேரும் பின்பாட்டுப் பாடினார்கள்.

ஏ ஷிப்டை ஏற்றிக்கொண்டு இரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்த தேசப்பன், பஸ்ஸை ஹைவேயிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பம்ப் ரூம் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தயாராக இருந்தது. லோகு ட்ரிம்மரோடும் ரேசரோடும் நின்றான். வார்த்தை வார்த்தைதான். தேசப்பன் போய் உட்கார்ந்து, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“அது எப்பிடி ஊருக்கே தெரியும்?” என்றார், சோப்பு நுரைக்குள்ளிருந்து.

ஞானம்மா கிரவுண்டைக் கையால் காட்டினாள். “இந்த மணலு பாதியோட எப்பிடி நின்னுதுன்னு நெனச்ச? லாரிக்காரன் நடுவுலதான் கொட்டிட்டுப் போனான். நாங்க பதினேழு பேரு அன்னக்கூடையில வாரி அந்தாண்ட போட்டோம். நீ வர்ற நேரத்துக்கு முன்னால பைக்க எல்லாம் நவுத்தறது யாரு? கொடியில துணிய எடுக்கறது யாரு? உன் ஹாரன் ஹைவேல கேட்டா போதும், ‘மீசை வராரு, மீசை வராரு’ன்னு நண்டு சிண்டெல்லாம் ஓடும்.”

“எனக்கு மட்டும் ஒருத்தன் ஒரு சைக்கிள நவுத்த மாட்டான்” என்றான் லோகு, ரேசரைக் கழுவிக்கொண்டே. “அஞ்சு தபா ரிவர்ஸ் போடாம இன்னா பண்றது?”

தேசப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம். ஒரு நாளைக்கு மூன்று தடவை. ராசியாம் ராசி! முட்டையைச் சுற்றி ரிப்பன் கட்டிக் காவல் காத்த இதே ஜனம், தன்னைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ரிப்பன் கட்டி வைத்திருந்ததா? அழுதால் ரேசர் வெட்டிவிடும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது.

மீசை போனது. லோகு தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைத்துவிட்டு விலகினான். அந்த முகத்தில் இத்தனை வருஷமாக வெயில் படாத ஓர் இடம், தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக இருந்தது. ஞானம்மா கிட்டே வந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் நேராகப் போர்டுக்குப் போனாள். ‘விபத்தில்லா நாட்கள்: 28’ என்று இருந்ததில் இருபத்தெட்டை முந்தானையால் அழித்தாள். சாக்பீஸை எடுத்து, பெரிசாக ஒரு பூஜ்யம் போட்டாள்.

காலனி வெடித்துவிட்டது. லோகு ரேசரோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜோசப்புக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. கிரவுண்டிலிருந்து ஆள்காட்டிகள் இரண்டும் சேர்ந்து திட்டின.

“அவ்ளோ கேவலமாவா கீது?” என்றார் தேசப்பன், மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டு.

ஞானம்மா வந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள். “மூடாத. நான் பாக்காத மூஞ்சியா இது? அன்னிக்கு புதுவாயல்ல பாய்லர இட்ச்சிட்டு, மீச இல்லாம, பேந்தப்பேந்த முழிச்சிகினு நின்னியே, அது எங்க பெரியப்பா கட. நான் உள்ள டம்ளர் கழுவிகினு இருந்தேன்.”

தேசப்பனுக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. “தெரிஞ்சேவா என்ன கட்டிகின?”

“அப்பால நீ மீசையோட பொண்ணு பாக்க வந்த. பெரியப்பா உள்ளேர்ந்து பாத்த ஒடனே, ‘இவன் அந்த பாய்லர் பையன்தான், வேணாம்’னாரு. உன் முன்னாலயும் வரல, கல்யாணத்துக்கும் வரல. எனக்கு அந்த மூஞ்சிதான் புடிச்சிருந்திச்சி. அத திருப்பிப் பாக்க இருபத்தேழு வருசம் ஆயிருக்குது, மூடிகினு உக்காந்துகீறான்” என்றாள். சொல்லும்போது அவளுக்கும் குரல் கொஞ்சம் தடுமாறியது. உடனே சமாளித்துக்கொண்டு, “எல்லாரும் இன்னா வாயப் பாத்துகினு கீறீங்க? குஞ்சு நாலும் எண்ணியாச்சா?” என்று அதட்டினாள்.

எண்ணினார்கள். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் இரண்டு. பேஸின் நிழலில் ஒன்று. நாலாவது ஞானம்மா இழுத்த கோலக்கோட்டின் மேலேயே, சரியாகப் பின்சக்கரம் போகவேண்டிய இடத்தில், மாவு ஒட்டிய முதுகோடு எழுந்து, அம்மாவைத் தேடி ஓடியது.

தேசப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கை வழக்கம் போல மீசையை முறுக்க மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. பரவாயில்லை என்று கன்னத்தைச் சொறிந்துகொண்டு, “லோகு, நாளைக்கும் ஹெல்மெட்டு எடுத்துகினு வந்துடு. நான் சந்துல ரிவர்ஸ்லயே வரேன்” என்றார்.